செயற்கைக் கருத்தரிப்பில் தொடர் தோல்வி: ‘டிரிக்கர்’ ஊசியை மாற்றினால் பலன் கிடைக்குமா? ஒரு விளக்கம்

பெங்களூரு: ஐ.வி.எஃப். எனப்படும் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை இரண்டு, மூன்று முறை தோல்வியடைந்த தம்பதியர், அடுத்த முறை எதை மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்கின்றனர். அதற்குக் கிடைக்கும் பதில்களில் ஒன்று ‘டிரிக்கர்’ ஊசியை மாற்றுவது. கருமுட்டைகளை எடுப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நாள் முன்பாகப் போடப்படும் இந்த ஒற்றை ஊசியில் இன்று பல வகைகள் உள்ளன. பெங்களூருவில் உள்ள கருத்தரிப்பு மையங்களுக்கு நகரவாசிகள் மட்டுமின்றி ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளிலிருந்தும் தம்பதியர் வந்து செல்கின்றனர். ஒவ்வொரு சுழற்சிக்கும் பல வார கால ஊசிகள், விடுப்பு, பெருஞ்செலவு ஆகியவை தேவைப்படுவதால், எந்த மாற்றம் உண்மையில் உதவும், எது வெறும் முயற்சி என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

இதுவரை வெளியான ஆய்வுகளின் சாரம் இதுதான்: முந்தைய சுழற்சியின் குறை கருமுட்டை முதிர்ச்சியிலோ, முட்டை கிடைத்த எண்ணிக்கையிலோ, முட்டை எடுத்த பின்னர் அமைந்த ஹார்மோன் சூழலிலோ இருந்திருந்தால் டிரிக்கர் மாற்றம் பொருளுடையது. முதிர்ந்த முட்டைகள் போதுமான அளவில் கிடைத்து, கருவும் உருவாகி, அது கருப்பையில் பதியாமல் போயிருந்தால், காரணத்தைப் பெரும்பாலும் வேறிடத்தில் தேட வேண்டும்.

ஊசியின் பணி என்ன?

இயற்கையான மாதவிடாய்ச் சுழற்சியில், ஃபாலிக்கிள் எனப்படும் நுண்பை ஒன்று முழு வளர்ச்சி அடைந்ததும், மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனைத் திடீரெனப் பெருமளவில் சுரக்கிறது. இந்த எழுச்சியே, அதுவரை உறங்கு நிலையில் இருந்த கருமுட்டை தன் குரோமோசோம்களைப் பாதியாகக் குறைத்து, விந்தணுவை ஏற்கும் நிலைக்கு முதிர்வதற்கான கட்டளையாகும். நுண்பையின் சுவரிலிருந்து முட்டை விடுபடத் தொடங்குவதும் இதே கட்டளையால்தான்.

ஐ.வி.எஃப். சிகிச்சையில் பல நுண்பைகள் ஒரே நேரத்தில் வளர்க்கப்படுகின்றன. முட்டைகள் தாமாகவே முன்கூட்டி வெளியேறிவிடாமல் இருக்க, இயற்கையான எல்.ஹெச். எழுச்சி மருந்துகளால் தடுத்து வைக்கப்படுகிறது. ஆகவே முதிர்ச்சிக்கான கட்டளையை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியுள்ளது. அதைச் செய்வதே டிரிக்கர் ஊசி. ஊசி போட்ட பின் 34 முதல் 36 மணி நேரத்தில், முட்டைகள் சினைப்பையிலிருந்து வெளியேறுவதற்குச் சற்று முன்பாக, அவை ஊசிக்குழாய் வழியே உறிஞ்சி எடுக்கப்படுகின்றன.

1978-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுனின் விஷயத்தில் இத்தகைய ஊசி பயன்படுத்தப்படவில்லை. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ குழுவினர் தாயின் இயற்கையான எல்.ஹெச். எழுச்சியைச் சிறுநீர்ப் பரிசோதனை மூலம் கண்காணித்து, அதற்கேற்ப ஒரே ஒரு முட்டையை எடுத்தனர். பல முட்டைகளை வளர்த்தெடுக்கும் முறை பரவிய பின்னரே டிரிக்கர் ஊசி இச்சிகிச்சையின் நிலையான அங்கமாயிற்று.

முதல் வகை: ஹெச்.சி.ஜி.

நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருப்பது ஹெச்.சி.ஜி. ஊசி. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடித் திசுக்கள் சுரக்கும் ஹார்மோன் இது. அமைப்பில் எல்.ஹெச். ஹார்மோனை ஒத்திருப்பதால், சினைப்பையில் அதே ஏற்பியுடன் இணைந்து அதே பணியைச் செய்கிறது. கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வகை பொதுவாக 5,000 அல்லது 10,000 யூனிட் அளவிலும், மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாராகும் வகை 250 மைக்ரோகிராம் அளவிலும் கொடுக்கப்படுகின்றன. இந்த 250 மைக்ரோகிராம் ஏறத்தாழ 6,500 யூனிட்டுக்குச் சமம்.

இவ்விரண்டில் விலை கூடிய மரபணுத் தொழில்நுட்ப வகை சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பாய்வில், குழந்தைப் பிறப்பு விகிதத்தில் இரண்டுக்கும் இடையே தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதால் மட்டும் தோல்வி வெற்றியாகும் என எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை.

ஹெச்.சி.ஜி.யின் பலமும் பலவீனமும் ஒன்றே: அது உடலில் நெடுநேரம் தங்குகிறது. எல்.ஹெச். இரத்தத்தில் சுமார் ஒரு மணி நேரத்திற்குள் பாதியாகக் குறைந்துவிடும். ஹெச்.சி.ஜி. பாதியாகக் குறைய ஒரு நாளுக்கும் மேலாகும். முட்டை எடுத்த பின் எஞ்சும் நுண்பை, மஞ்சள் உடலம் எனப்படும் தற்காலிகச் சுரப்பியாக மாறி, கருப்பையின் உட்சுவரைத் தயார்ப்படுத்தும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. ஹெச்.சி.ஜி. பல நாட்கள் நீடித்து இச்சுரப்பியைத் தாங்கிப் பிடிப்பதால், அதே சுழற்சியில் கருவைக் கருப்பையில் வைக்க ஏற்ற சூழல் அமைகிறது.

இந்த மஞ்சள் உடலத்தின் வாழ்வு எல்.ஹெச். ஹார்மோனைச் சார்ந்தது என்ற புரிதலில் பெங்களூருவுக்கும் பங்கு உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் பணியாற்றிய என்.ஆர்.மௌட்கலும் அவரது குழுவினரும், எல்.ஹெச். போன்ற ஹார்மோன்களைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புரதங்களைப் பயன்படுத்தி, இனப்பெருக்கத்தில் அந்த ஹார்மோன்களின் பங்கை நாட்டுக்குரங்குகள் உள்ளிட்ட விலங்குகளில் ஆராய்ந்தனர். அத்தகைய அடிப்படை ஆய்வுகளே இன்றைய டிரிக்கர் விவாதத்தின் வேர் எனலாம்.

மறுபுறம், நீடித்த தூண்டல் ஆபத்தையும் கொண்டுவருகிறது. சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கி, இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும் நிலை ஓ.ஹெச்.எஸ்.எஸ். எனப்படுகிறது. தீவிரமானால் இரத்தம் உறைதல், சிறுநீரகப் பாதிப்பு வரை செல்லக்கூடிய இந்நிலை, உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். சினைப்பை நீர்க்கட்டி பாதிப்பு உள்ளவர்கள், ஏ.எம்.ஹெச். அளவு அதிகம் உள்ளவர்கள், மிகுதியான நுண்பைகள் வளர்ந்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இரண்டாம் வகை: ஜி.என்.ஆர்.ஹெச். அகோனிஸ்ட்

இரண்டாவது வகை ஊசி சினைப்பையை நேரடியாகத் தூண்டுவதில்லை. டிரிப்டோரெலின், லூப்ரோலைடு, பியூசெரிலின் போன்ற அகோனிஸ்ட் மருந்துகள் பிட்யூட்டரியைத் தட்டியெழுப்பி, உடலின் சொந்த எல்.ஹெச். ஹார்மோனையே வெளியிடச் செய்கின்றன. அத்துடன் எஃப்.எஸ்.ஹெச். என்ற மற்றொரு ஹார்மோனும் உயர்கிறது. இயற்கையான எழுச்சியிலும் இவ்விரண்டும் சேர்ந்தே உயர்வதால், இம்முறை இயற்கையை அதிகம் ஒத்தது என்று கூறப்படுகிறது.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. பிட்யூட்டரி பதிலளிக்கும் நிலையில் இருக்க வேண்டும். எனவே ஆன்டகோனிஸ்ட் எனப்படும் குறுகிய காலத் தடுப்பு மருந்துகள் பயன்படும் சுழற்சிகளிலும், புரோஜெஸ்டிரோன் வகை மருந்தால் எழுச்சி தடுக்கப்படும் சுழற்சிகளிலும் மட்டுமே இதைப் பயன்படுத்த முடியும். வாரக்கணக்கில் அகோனிஸ்ட் கொடுத்துப் பிட்யூட்டரியை ஒடுக்கி வைக்கும் நீண்ட முறையில் இந்த ஊசி வேலை செய்யாது. ஹைப்போதலாமஸ் அல்லது பிட்யூட்டரி குறைபாட்டால் எல்.ஹெச். மிகக் குறைவாக உள்ள பெண்களுக்கும் இது ஏற்றதல்ல.

இம்முறையில் எல்.ஹெச். எழுச்சி 24 முதல் 36 மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. இயற்கையான எழுச்சி ஏறத்தாழ 48 மணி நேரம் நீடிக்கும். இக்குறுகிய காலமே ஓ.ஹெச்.எஸ்.எஸ். ஆபத்தைப் பெருமளவு நீக்குகிறது. ஆனால் அதே காரணத்தால் மஞ்சள் உடலமும் விரைவில் வாடிவிடுகிறது.

இதன் விளைவு டென்மார்க்கில் பீட்டர் ஹுமெய்டன் குழுவினர் 122 பெண்களிடம் மேற்கொண்டு 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் வெளிப்பட்டது. அதே சுழற்சியில் கரு வைக்கப்பட்டபோது, ஹெச்.சி.ஜி. பெற்றவர்களில் 36 சதவீதம் பேருக்கு மருத்துவ ரீதியாக உறுதியான கர்ப்பம் ஏற்பட்டது. அகோனிஸ்ட் பெற்றவர்களில் அது 6 சதவீதமாக மட்டுமே இருந்தது. 2014-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் இதே திசையைக் காட்டியது. ஹெச்.சி.ஜி. மூலம் குழந்தை பெறும் வாய்ப்பு 31 சதவீதம் எனக் கொண்டால், அகோனிஸ்ட் மட்டும் கொடுத்து அதே சுழற்சியில் கரு வைக்கும்போது அது 12 முதல் 24 சதவீதம் வரையே இருக்கும் என அம்மதிப்பாய்வு கணித்தது. தானமாகப் பெற்ற முட்டைகளைப் பயன்படுத்திய சுழற்சிகளில் இக்குறைவு காணப்படவில்லை. அதாவது முட்டையின் தரம் குறையவில்லை. கருப்பையின் ஹார்மோன் சூழல்தான் பாதிக்கப்பட்டது.

கரு உறைவிப்பு: சிக்கலுக்கான வழி

இச்சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள் உருவாயின. ஒன்று, முட்டை எடுக்கும் நாளில் 1,500 யூனிட் போன்ற சிறு அளவில் ஹெச்.சி.ஜி. கொடுத்து மஞ்சள் உடலத்தைத் தாங்குவது. மற்றொன்று, உருவான கருக்கள் அனைத்தையும் உறையவைத்து, சினைப்பை இயல்பு நிலைக்குத் திரும்பிய பின் வேறொரு மாதத்தில் கருப்பையில் வைப்பது. ஓ.ஹெச்.எஸ்.எஸ். ஆபத்து மிக்கவர்களுக்கு அகோனிஸ்ட் ஊசியுடன் கரு உறைவிப்பும் சேர்ந்த முறையே இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

கருவை உறையவைத்துப் பின்னொரு சுழற்சியில் வைக்கும் உத்தி இந்தியாவுக்குப் புதிதன்று. கொல்கத்தாவின் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி பிறந்த துர்கா என்ற குழந்தைக்காக, மருந்தால் தூண்டிப் பெற்ற முட்டையிலிருந்து உருவான கருவை உறையவைத்து, பின்னர் கருப்பையில் வைத்தார். லூயிஸ் பிரவுன் பிறந்து 70 நாட்களே ஆகியிருந்த அந்த வேளையில் அவரது கூற்று ஏற்கப்படவில்லை. 1981-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அவரது ஆவணங்களைப் பின்னாளில் ஆராய்ந்து, பெருமை அவருக்கே உரியது என எழுதியவர் டி.சி.ஆனந்த் குமார். 1986-ஆம் ஆண்டில் மும்பையில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தைக்குப் பின்னிருந்த விஞ்ஞானியான அவர், அதுவரை முதலாவது எனப்பட்ட தமது குழுவின் சாதனையைத் தாமே இரண்டாவது இடத்துக்கு நகர்த்தினார். ஓய்வுக்குப் பின் பெங்களூருவில் குடியேறிய ஆனந்த் குமாரின் அக்கட்டுரை, 1997-ஆம் ஆண்டில் இந்நகரிலிருந்து வெளியாகும் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

உறைவிப்பு அனைவருக்கும் கூடுதல் பலன் தருமா என்பதில் ஆய்வுகள் கவனத்தைக் கோருகின்றன. சீனாவில் சினைப்பை நீர்க்கட்டி பாதிப்புள்ள 1,508 பெண்களிடம் நடந்து 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், உறைவித்த கருவால் குழந்தைப் பிறப்பு 49.3 சதவீதமாகவும், உறைவிக்காத கருவால் 42 சதவீதமாகவும் இருந்தது. ஓ.ஹெச்.எஸ்.எஸ். பாதிப்பு 7.1 சதவீதத்திலிருந்து 1.3 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் மாதவிடாய் ஒழுங்காக உள்ள 460 பெண்களிடம் நடத்தப்பட்டு, 2020-ஆம் ஆண்டில் ‘பி.எம்.ஜே.’ இதழில் வெளியான ஆய்வு வேறு விதமாக அமைந்தது. அகோனிஸ்ட் ஊசியும் கரு உறைவிப்பும் பெற்றவர்களில் 27.8 சதவீதம் பேருக்கும், ஹெச்.சி.ஜி. ஊசியும் அதே சுழற்சியில் கருவும் பெற்றவர்களில் 29.6 சதவீதம் பேருக்கும் கர்ப்பம் தொடர்ந்தது. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

மூன்றாம் வகை: இரட்டை டிரிக்கர்

தொடர் தோல்விக்குப் பின் அதிகம் பேசப்படுவது, அகோனிஸ்ட், ஹெச்.சி.ஜி. ஆகிய இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கும் இரட்டை டிரிக்கர் முறை. உடலின் சொந்த எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். எழுச்சியும், ஹெச்.சி.ஜி.யின் நீடித்த தாங்குதலும் ஒருசேரக் கிடைக்கும் என்பது இதன் அடிப்படை எதிர்பார்ப்பு.

‘ஹியூமன் ரீபுரொடக்‌ஷன்’ இதழில் 2020-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதற்கு வலுச்சேர்த்தது. 155 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், யாருக்கு எந்த ஊசி என்பது மருத்துவருக்கும் பயனாளிக்கும் தெரியாதவாறு வைக்கப்பட்டது. ஹெச்.சி.ஜி. மட்டும் பெற்றவர்களுக்குச் சராசரியாக 11.1 முட்டைகளும், இரட்டை டிரிக்கர் பெற்றவர்களுக்கு 13.4 முட்டைகளும் கிடைத்தன. முதிர்ந்த முட்டைகள் 8.6-லிருந்து 10.3 ஆக உயர்ந்தன. கருப்பையில் கரு வைக்கப்பட்டவர்களில் குழந்தைப் பிறப்பு விகிதம் 22 சதவீதத்திலிருந்து 36.2 சதவீதமாக உயர்ந்தது.

ஆயினும் இவ்வெண்களை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். இது சிறிய ஆய்வு. பங்கேற்றவர்கள் சினைப்பைத் தூண்டலுக்கு இயல்பாகப் பதிலளித்த பெண்கள். மனித இனப்பெருக்கம் மற்றும் கருவியலுக்கான ஐரோப்பிய சங்கம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், இயல்பான பதில் எதிர்பார்க்கப்படும் பெண்களுக்கு இரட்டை டிரிக்கரை வழக்கமாகப் பரிந்துரைக்கவில்லை. மேலும், இதில் ஹெச்.சி.ஜி. சேர்வதால் ஓ.ஹெச்.எஸ்.எஸ். ஆபத்து திரும்பி வருகிறது. அந்த ஆபத்து மிக்க பெண்களுக்கு, அகோனிஸ்ட் ஊசியின் முக்கிய நன்மையையே இது இழக்கச் செய்துவிடலாம்.

இதே இரு மருந்துகளை வெவ்வேறு நேரங்களில் கொடுக்கும் முறையும் உள்ளது. முட்டை எடுப்பதற்கு 40 மணி நேரம் முன்பு அகோனிஸ்டும், 34 மணி நேரம் முன்பு ஹெச்.சி.ஜி.யும் கொடுக்கப்படுகின்றன. நுண்பைகள் நன்கு வளர்ந்தும் முட்டைகள் மிகக் குறைவாகக் கிடைத்தவர்களுக்கு அல்லது முதிராத முட்டைகளே கிடைத்தவர்களுக்கு இம்முறை முயன்று பார்க்கப்படுகிறது. இதற்கான சான்றுகள் பெரும்பாலும் சிறு குழுக்களிடமிருந்து பெறப்பட்டவை.

நான்காவதாக, கிஸ்பெப்டின் என்ற ஹார்மோன் ஆய்வில் உள்ளது. ஹைப்போதலாமஸைத் தூண்டி, உடலின் முழு ஹார்மோன் தொடரையும் இயக்குவது இதன் தனித்தன்மை. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 53 பெண்களிடம் இதைப் பயன்படுத்தி, குழந்தைகளும் பிறந்ததாக 2014-ஆம் ஆண்டில் அறிவித்தனர். இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

தோல்வி எந்த இடத்தில் நிகழ்ந்தது?

மேற்கண்ட வகைகளில் எது பொருத்தம் என்பதற்கான விடை, மருந்துக் கடையில் அன்று, முந்தைய சுழற்சியின் மருத்துவப் பதிவில் இருக்கிறது. அதில் நான்கு விவரங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஸ்கேனில் தெரிந்த பெரிய நுண்பைகளின் எண்ணிக்கைக்கும் கிடைத்த முட்டைகளின் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளி. பன்னிரண்டு நுண்பைகள் தெரிந்தும் மூன்று முட்டைகளே கிடைத்திருந்தால், ஊசியின் நேரம், அளவு, வகை ஆகிய அனைத்தையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஒரு முட்டைகூடக் கிடைக்காத நிலை ‘வெற்று நுண்பைப் பாதிப்பு’ எனப்படுகிறது. 1986-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நிலைக்குப் பல நேர்வுகளில் காரணம் ஊசி தவறாகப் போடப்பட்டதோ, மருந்து வீரியம் இழந்ததோதான். ஊசிக்குப் பின் செய்யும் இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். ஹெச்.சி.ஜி. போட்டிருந்தால் அது இரத்தத்தில் தென்பட வேண்டும். அகோனிஸ்ட் போட்டிருந்தால் மறுநாள் காலை எல்.ஹெச்., புரோஜெஸ்டிரோன் உயர்ந்திருக்க வேண்டும். எல்.ஹெச். 15 யூனிட்டுக்கும் கீழ் இருந்தால் தூண்டல் போதவில்லை என்ற ஐயம் எழும். அரிதாகச் சிலருக்கு மரபணுக் கோளாறும் காரணமாகலாம். அத்தகையோருக்கு ஊசி மாற்றம் உதவாது.

இரண்டாவது, முதிர்ந்த முட்டைகளின் விகிதம். ஒரு விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில், முட்டைகளில் 75 முதல் 90 சதவீதம் வரை முதிர்ந்திருப்பது வழக்கம் என 2017-ஆம் ஆண்டின் வியன்னா ஒருமித்த அறிக்கை குறிப்பிடுகிறது. இரண்டு சுழற்சிகளில் தொடர்ந்து பாதிக்கும் குறைவாகவே முதிர்ந்திருந்தால், இரட்டை டிரிக்கர் அல்லது இடைவெளியை நீட்டித்தல் குறித்து மருத்துவருடன் பேசுவது நியாயமானது.

மூன்றாவது, முட்டைகள் முதிர்ந்திருந்தும் கருத்தரிக்கவில்லையா, கருக்கள் வளராமல் நின்றுவிட்டனவா என்பது. இங்கு விந்தணுவின் தரம், முட்டையின் தரம், ஆய்வகச் சூழல் ஆகியவை முன்னிலை பெறுகின்றன. டிரிக்கரின் பங்கு குறைவு.

நான்காவது, நல்ல கருக்கள் வைக்கப்பட்டும் கர்ப்பம் நிகழவில்லையா என்பது. அகோனிஸ்ட் மட்டும் கொடுத்து அதே சுழற்சியில் கரு வைக்கப்பட்டிருந்தால், அந்த முறையே காரணமாக இருந்திருக்கலாம். உறைவித்த கரு வைக்கப்பட்டுத் தோல்வியடைந்திருந்தால், பல மாதங்களுக்கு முன் போட்ட டிரிக்கர் ஊசியைக் கருப்பையின் ஹார்மோன் சூழலுக்குக் குற்றம் சொல்ல முடியாது. பெண்ணின் வயது உயர உயர, குரோமோசோம் குறைபாடுள்ள முட்டைகளின் பங்கு அதிகரிக்கிறது. பதியாத கருக்களுக்கு இது மிக முக்கியக் காரணமாக உள்ளது. எந்த ஊசியும் இதைத் திருத்துவதில்லை.

‘தொடர் தோல்வி’ என்ற சொல்லையும் அளந்தே பயன்படுத்த வேண்டும். ஐரோப்பிய சங்கத்தின் 2023-ஆம் ஆண்டுப் பரிந்துரை, இதற்கு அனைவருக்கும் பொதுவான எண்ணிக்கை எதையும் நிர்ணயிக்கவில்லை. குறிப்பிட்ட பெண்ணின் வயது, கருவின் நிலை ஆகியவற்றைக் கொண்டு, பதிவதற்கான ஒட்டுமொத்த வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டிய பின்னும் கர்ப்பம் ஏற்படாவிட்டால் மேற்கொண்டு ஆராயலாம் என்கிறது. இரண்டு முறை தோல்வி என்பது பலருக்குக் கோளாறின் அறிகுறி அன்று. ஒவ்வொரு முறையும் வெற்றி வாய்ப்பு பாதிக்கும் குறைவாக உள்ள சிகிச்சையின் இயல்பே அது.

நேரம் தவறினால் அனைத்தும் தவறும்

ஊசியின் வகையைக் காட்டிலும் அது போடப்படும் நேரம் பல வேளைகளில் முக்கியமாகிறது. புதன்கிழமை காலை 9 மணிக்கு முட்டை எடுப்பதாக இருந்தால், 36 மணி நேரக் கணக்கில் திங்கள்கிழமை இரவு 9 மணிக்கு ஊசி போடப்பட வேண்டும். 40, 34 மணி நேர முறையில் திங்கள் மாலை 5 மணிக்கு ஒன்றும், இரவு 11 மணிக்கு மற்றொன்றும் போடப்பட வேண்டும். பெங்களூருவின் மாலை நேரப் போக்குவரத்து நெரிசலில் மருத்துவமனையைச் சென்றடைய முயல்வதைவிட, வீட்டில் போட்டுக்கொள்ளவோ அருகிலுள்ள செவிலியரை ஏற்பாடு செய்யவோ முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது. வெளியூரிலிருந்து வருவோருக்கு இது மேலும் பொருந்தும்.

தாமதமாகிவிட்டால் மறைக்காமல் உடனே மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முட்டை எடுக்கும் நேரத்தை மாற்றியமைக்க வாய்ப்பு உண்டு. மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டுமா என்பதை உறையில் பார்த்து அறிய வேண்டும். தூள் வடிவ மருந்தைக் கரைக்கும்போது முழுவதும் கரைந்ததா எனக் கவனிக்க வேண்டும். ஊசி போட்ட நேரத்தையும் மருந்தின் தொகுதி எண்ணையும் குறித்து வைப்பது, பின்னர் தோல்விக்கான காரணத்தைத் தேடும்போது பயன்படும்.

ஹெச்.சி.ஜி. ஊசிக்குப் பின் பத்து நாட்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை வீட்டுக் கர்ப்பப் பரிசோதனை தவறாக ‘ஆம்’ எனக் காட்டக்கூடும். மருத்துவர் குறித்த நாளில் செய்யும் இரத்தப் பரிசோதனையே நம்பத்தக்கது. பொய்யான இரு கோடுகளால் ஏற்படும் மகிழ்ச்சியும், அதைத் தொடரும் ஏமாற்றமும் தவிர்க்கக்கூடியவை.

வயிறு வேகமாக உப்புதல், ஓரிரு நாட்களில் உடல் எடை கூடுதல், தொடர் வாந்தி, சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், காலில் வீக்கத்துடன் வலி ஆகியவை ஓ.ஹெச்.எஸ்.எஸ். அல்லது இரத்த உறைவின் அறிகுறிகளாகலாம். அடுத்த நாள் வரை காத்திராமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சட்டம் தரும் உரிமை

இந்தியாவில் இச்சிகிச்சையை, 2022-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021 கட்டுப்படுத்துகிறது. இதன்படி கருத்தரிப்பு மையங்கள் பதிவு பெற்றிருப்பது கட்டாயம். பெண்ணுக்கு 21 முதல் 50 வயது வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வயது வரையும் சிகிச்சை அளிக்கலாம்.

சிகிச்சையின் நன்மை, தீமை, செலவு, பக்கவிளைவுகள், வெற்றி வாய்ப்பு ஆகியவற்றைத் தம்பதியருக்கு விளக்கி ஆலோசனை வழங்குவதும், புகார்களை விசாரிக்கக் குறைதீர் பிரிவு வைத்திருப்பதும் மையங்களின் கடமை என்று சட்டம் கூறுகிறது. பதிவுகளைக் குறைந்தது பத்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். எனவே மையத்தை மாற்ற விரும்பும் தம்பதியர், முந்தைய சுழற்சியின் விவரங்களைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை. நுண்பைகளின் அளவும் எண்ணிக்கையும், டிரிக்கரின் பெயர், அளவு, நேரம், கிடைத்த முட்டைகள், அவற்றில் முதிர்ந்தவை, உருவான கருக்கள், அவை வைக்கப்பட்ட அல்லது உறைவிக்கப்பட்ட நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

அடுத்த சுழற்சிக்கு முன் மருத்துவரிடம் கேட்க மூன்று கேள்விகள் போதும். சென்ற முறை குறை எந்தக் கட்டத்தில் நேர்ந்தது? டிரிக்கரை மாற்றுவது அந்தக் கட்டத்தை எவ்வாறு சரிசெய்யும்? மாற்றிய பின் ஓ.ஹெச்.எஸ்.எஸ். ஆபத்து கூடுமா, குறையுமா? இவற்றுக்குப் பதிவைக் காட்டி விடை கிடைத்தால், புதிய ஊசி காரணத்தோடு கூடிய முடிவாகும். விடை கிடைக்காவிட்டால், மற்றொரு சுழற்சியைத் தொடங்கும் முன் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது பொருத்தமாக இருக்கும். மருந்தின் வகை, அளவு குறித்த இறுதி முடிவைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஆலோசனையின்படியே எடுக்க வேண்டும்.